ஆமென் சொன்ன பிறகு: ஜெபத்திற்கு வரும் அமைதியான பதில்களைக் கவனிக்கப் பழகுதல்

ஜெபிக்கத் தொடங்கிய சில வாரங்களுக்குள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நான் கேட்கிறேன். ஆனால் பதில் வந்ததா, வரவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் இதே நாளில் எதற்காக ஜெபித்தீர்கள்? பெரும்பாலானோருக்கு நினைவிருப்பதில்லை. எனக்கும் பல ஆண்டுகள் நினைவிருந்ததில்லை. கேட்டதையே மறந்துவிட்ட ஒருவர், கொடுக்கப்பட்டதை எதைக்கொண்டு அடையாளம் காண்பார்?

ஜெபம் ஆமென் என்ற சொல்லோடு முடிந்துவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் மறுபாதி அங்கேதான் தொடங்குகிறது. அந்த மறுபாதியின் பெயர் கவனம். கிறிஸ்தவ ஜெப வாழ்க்கையில் புதிதாக அடியெடுத்து வைத்திருப்பவர்களுக்காக, அந்தக் கவனத்தைப் பழகும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்குத் தேவைப்படுபவை ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும், காலையில் கால் மணி நேரமும், இரவில் பத்து நிமிடமும்தான்.

தொடங்குமுன்: எதைத் தேடுகிறோம்?

தீர்க்கதரிசியான எலியா ஓரேப் மலையில் நின்ற காட்சியை வேதாகமத்தைச் சற்றே வாசித்தவர்களும் அறிவார்கள். பெருங்காற்று வீசியது, பூமி அதிர்ந்தது, அக்கினி எழுந்தது. அவை ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை. கடைசியில் "அமர்ந்த மெல்லிய சத்தம்" உண்டாயிற்று. இந்தப் பகுதி 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் புதியவர்களிடம் நான் அதே அதிகாரத்தின் முற்பகுதியைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன். உயிருக்குப் பயந்து ஓடிவந்த எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும்" என்று சொல்லி, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஜெபிக்கிறார். அந்த ஜெபத்திற்கு விளக்கமோ கண்டனமோ வரவில்லை. தூக்கம் வந்தது. எழுப்பப்பட்டுப் பார்த்தபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பப்பட்டார், மறுபடியும் உணவு. அந்தப் பலத்தினால் 40 நாள் நடந்து மலையைச் சேர்ந்தார்.

அவர் கேட்டது மரணம். கிடைத்தவை உறக்கமும் உணவும் நடப்பதற்கான பலமும். தேவன் பேசியதை மலையின்மேல் மட்டும் தேடுபவர், சூரைச்செடியின் கீழே கிடைத்த பதிலைப் பார்க்கவே மாட்டார். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாப் படிகளும், தலைமாட்டில் வைக்கப்பட்ட அந்த அடையைக் காண்பதற்கான பயிற்சிதான்.

முதல் படி: அடையாளம் காணக்கூடிய விதத்தில் கேளுங்கள்

"ஆண்டவரே, எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்பது நல்ல ஜெபம். ஆனால் அதற்குப் பதில் வந்த நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. "நாளை மகளோடு பேசும்போது நான் குரலை உயர்த்தாமல், அவள் சொல்வதை முடிக்கும்வரை கேட்பதற்குப் பொறுமை தாரும்" என்று கேட்டால், நாளை இரவே திரும்பிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். வழியோரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்த குருடனாகிய பர்திமேயுவிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்?" என்று கேட்டார். அவனுக்கு என்ன தேவை என்பது பார்த்தவுடன் தெரியக்கூடியதே. ஆயினும் அவன் வாயால் அது சொல்லப்படவேண்டியிருந்தது. தேவைக்குப் பெயரிடுவது கேட்பவருடைய கண்களையும் திறக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தேவையைத் தெளிவாகச் சொல்லலாம்; அது நிறைவேறும் வழியை வரைந்து கொடுக்கத் தேவையில்லை. "எனக்கு வேலை வேண்டும், வீட்டுச் செலவுக்கு இது போதாமல் இருக்கிறது" என்பது தேவை. "இந்த நிறுவனத்தில், இந்த மாதத்திற்குள், இன்னார் மூலமாக" என்பது வழி. வழியையும் சேர்த்துக் கேட்டவர், தேவை வேறு வாசல் வழியாக நிறைவேறும்போது அதைப் பதிலாகவே கருதமாட்டார். ஆசைப்படும் வழியைச் சொல்வது தவறன்று. அதை ஆசை என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எழுதி வையுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தேவையற்றது என்று தாண்டிப் போகிறார்கள். என் அனுபவத்தில், மற்ற எல்லாப் படிகளையும் தாங்கி நிற்பது இதுவே. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்புறத்தில் தேதியும் ஒரே வரியில் விண்ணப்பமும் எழுதுங்கள். வலப்புறத்தைக் காலியாக விடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து விண்ணப்பங்களுக்கு மேல் வேண்டாம். நெருக்கி எழுதினால் பின்னால் குறிப்பு எழுத இடமிருக்காது. மற்றவர்களைப் பற்றி எழுதும்போது முதலெழுத்து மட்டும் போதும், ஏனெனில் ஜெபக் குறிப்பேடு தவறிப்போய் யாருடைய கையிலாவது கிடைத்தால், உங்களை நம்பிச் சொன்னவருடைய துயரம் வெளியே தெரிந்துவிடக்கூடாது. கைப்பேசியிலும் எழுதலாம். ஆனால் எழுதத் திறந்த கைப்பேசி வேறு எங்கோ இழுத்துச்செல்வதை நாம் எல்லோரும் அறிந்திருக்கிறோம். ஆகவே தாளையே பரிந்துரைக்கிறேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898), தேவைகளை மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தில் மட்டுமே வைப்பது என்று தீர்மானித்திருந்தவர். தம் விண்ணப்பங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் அவர் தேதியிட்டுக் குறித்து வந்தார். 1844 நவம்பரில் அவர் ஐந்து பேருடைய மனமாற்றத்திற்காக நாள்தோறும் ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவர் மனம்மாற 18 மாதங்கள் ஆயின. இரண்டாமவருக்கு மேலும் 5 ஆண்டுகள், மூன்றாமவருக்கு அதற்குமேல் இன்னும் 6 ஆண்டுகள். மற்ற இருவரும் 36 ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை என்றும், அவர்களுக்காக இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். தொடங்கிய நாளைக் குறித்து வைத்திராவிட்டால், இந்தப் பதினெட்டு மாதங்களும் ஐந்தாண்டுகளும் அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நிறைவேறியதை எழுதிய அதே நேர்மையோடு நிறைவேறாததையும் அவர் சொன்னது என்னை மிகவும் தொடுகிறது.

மூன்றாம் படி: எழுந்து ஓடாதீர்கள்

ஜெபித்து முடித்தவுடன் மூன்று நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். எதையும் வரவழைக்க முயலவேண்டாம். குரல் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மனம் அலையும். அலையும்போது, எழுதிய விண்ணப்பத்தின் ஒரு சொல்லுக்குத் திரும்பி வாருங்கள்.

ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரர் தம் எஜமானுடைய மகனுக்குப் பெண் தேடிச் சென்று, கிணற்றருகே நின்று மிகத் துல்லியமான ஒரு ஜெபத்தைச் செய்கிறார். அவர் பேசி முடிக்கும் முன்னே ரெபெக்காள் குடத்தைத் தோளில் சுமந்து வருகிறாள். அவர் கேட்டபடியே அவருக்கும் தண்ணீர் கொடுத்து, அவருடைய 10 ஒட்டகங்களுக்கும் வார்க்கத் தொடங்குகிறாள். நாமாக இருந்தால் அந்தக் கணமே கைதட்டிக் கூவியிருப்போம். அவரோ, கர்த்தர் தம் பயணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி, மௌனமாக அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒட்டகங்கள் குடித்துத் தீரும்வரை காத்திருந்து, அவள் யாருடைய மகள் என்று விசாரித்து அறிந்த பிறகே தலைகுனிந்து பணிந்தார். கேட்பதிலுள்ள தெளிவும், கவனிப்பதிலுள்ள பொறுமையும், முடிவு செய்வதிலுள்ள நிதானமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும் இந்தப் பகுதியைப் புதியவர்கள் ஒரு வாரம் தினமும் வாசிப்பது நல்லது.

நான்காம் படி: இரவில் நாளைத் திரும்பிப் பாருங்கள்

அமைதியான பதில்கள் நிகழும் வேளையில் தெரிவது அரிது. திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகின்றன. ஆகவே நாளின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்குவது இம்முறையின் நடுமையம்.

இதற்குப் பழைய ஒரு வழி இருக்கிறது. 1521-இல் பாம்பலோனா நகரில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலில் படுகாயமடைந்த ஒரு படைவீரர், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வீரதீரச் செயல்களையும் தாம் விரும்பிய சீமாட்டியையும் பற்றிக் கற்பனை செய்தபோது அது இன்பமாக இருந்தது; ஆனால் கற்பனை கலைந்தபின் மனம் வறண்டு கிடந்தது. இயேசுவின் வாழ்க்கையையும் புனிதர்களின் வாழ்க்கையையும் வாசித்து, தாமும் அப்படி வாழ்வதை நினைத்தபோதும் இன்பமாக இருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி, நினைவு போன பின்பும் தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே அவர் வாழ்வைத் திருப்பியது. அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். பின்னாளில் அவர் வகுத்த அன்றாட ஆன்ம சோதனையில் ஐந்து கட்டங்கள் உள்ளன: நன்றி சொல்வது, தெளிவு தரும்படி கேட்பது, அந்த நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்காகத் தீர்மானித்துக்கொள்வது. எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவருக்கும் இது பயன்படும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கண்விழித்தது முதல் அன்று நடந்தவற்றை வரிசையாக மனத்தில் ஓடவிடுங்கள். எதிர்பாராமல் இலகுவான இடம் எது, எதிர்பாராமல் தடைப்பட்ட இடம் எது, யாருடைய எந்தச் சொல் இன்னும் மனத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் வழக்கமாக வரும் பயமோ கோபமோ வரவில்லை என்று கேளுங்கள். அதன்பின் குறிப்பேட்டைத் திறந்து, இடப்புற வரிகளை மெதுவாக வாசியுங்கள். இரண்டும் எங்கேனும் தொட்டுக்கொள்கின்றனவா என்று பாருங்கள். தொட்டுக்கொண்டால் வலப்புறத்தில் தேதியிட்டு ஒரு வரி எழுதுங்கள். தொடவில்லையென்றால் மூடி வைத்துவிட்டு உறங்குங்கள். பல இரவுகள் அப்படித்தான் முடியும்.

பதில்கள் எந்த வடிவத்தில் வருகின்றன?

எதைப் பார்க்கவேண்டும் என்று தெரியாதவர் பார்த்தும் காணமாட்டார். ஆகவே இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சில பதில்கள் சூழ்நிலையில் தோன்றுமுன் உள்ளத்தில் தோன்றுகின்றன. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் மனங்கசந்து அழுது ஜெபித்தாள். ஆசாரியனாகிய ஏலியிடமிருந்து ஒரு சமாதான வார்த்தை கிடைத்தது. அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள்; அப்புறம் அவள் துக்கமுகமாக இருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் இன்னும் கர்ப்பவதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் மகன் சாமுவேல் பிறந்தது பின்னால். சாப்பிட முடியாதிருந்தவள் சாப்பிட்டதே முதல் பதில். இரவில் உறக்கம் திரும்புவது, பசி திரும்புவது, ஒரு பெயரைக் கேட்டதும் இறுகும் நெஞ்சு ஒருநாள் இறுகாமலிருப்பது, இவற்றையெல்லாம் வலப்புறத்தில் எழுதுங்கள்.

சில பதில்கள் வேறொருவருடைய வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல் வருகின்றன. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தியைக் கேட்டு நெகேமியா உபவாசித்து ஜெபித்தது எபிரெய நாட்காட்டியின் கிஸ்லேவு மாதத்தில். நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதங்களுக்குப் பின், பாரசீகத்தின் அர்தசஷ்டா ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கும் வழக்கமான வேலையில் அவர் நின்றிருந்தபோது, உன் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது என்று ராஜா கேட்டார். அது ஒரு சாதாரணக் கேள்வி. அதைப் பதிலின் வாசலாக நெகேமியா அடையாளம் கண்டார். பயந்தபோதிலும், உள்ளத்தில் ஒரு குறுகிய ஜெபத்தைச் செய்துவிட்டு, தமக்கு வேண்டியதைச் சொன்னார். அந்த மதில் பின்னர் 52 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது. உங்கள் முகவாட்டத்தைக் கவனித்து யாராவது "என்ன ஆயிற்று?" என்று கேட்கும்போது, "ஒன்றுமில்லை" என்று சொல்லி வாசலை மூடிவிடாதீர்கள்.

சில பதில்களில் பாரம் அகற்றப்படுவதில்லை. சுமக்கும் தோள் பலப்படுகிறது. பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே அவர் பெற்ற பதில். என் சொந்த வாழ்விலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. வேலைசெய்த இடத்தில் எனக்கு மேலிருந்த ஒருவருடைய கடுஞ்சொற்களுக்கு அஞ்சி, அவர் மனம் மாறும்படி ஏழு மாதங்களுக்கு மேல் ஜெபித்தேன். அவர் மாறவேயில்லை. ஓர் இரவு குறிப்பேட்டில் அந்த வரியை வாசித்தபோதுதான் உறைத்தது: அன்று காலை அவர் அறைக்குள் நடந்து சென்றபோது என் கைகள் நடுங்கவில்லை, எப்போது நடுக்கம் நின்றது என்று எண்ணிப் பார்த்தால், பல வாரங்கள் ஆகியிருந்தன. பதில் வந்து பல வாரங்கள் என்னோடு அலுவலகத்துக்கும் வந்து போயிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை.

சில பதில்கள் முதலில் மறுப்பாகத் தோன்றுகின்றன. பின்னாளில் பெரும் திருச்சபை ஆசிரியரான அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா தம் மகனுடைய மனமாற்றத்திற்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தவர். 383-இல் மகன் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ரோமுக்குக் கப்பலேறத் திட்டமிட்டபோது, அவர் போய்விடக்கூடாது என்று தாய் கடற்கரைக்கு அருகிலிருந்த ஒரு சிற்றாலயத்தில் இரவெல்லாம் ஜெபித்தார். அதே இரவில் மகன் அவரை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறினார். ஆனால் அந்தப் பயணமே அவரை மிலான் நகருக்கும் ஆயர் அம்புரோசுவின் பிரசங்கங்களுக்கும் கொண்டுசென்றது. 386-இல் மனம் மாறி, 387-இல் உயிர்த்தெழுதல் திருநாளை ஒட்டி அவர் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அந்த இரவில் கேட்டதை மறுத்து, அவர் எப்போதும் கேட்டுவந்ததைத் தேவன் கொடுத்தார் என்று பின்னாளில் மகனே உணர்ந்து எழுதினார். ஆனாலும், கடற்கரையில் விடிந்த அந்தக் காலையில் மோனிக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அதைத் தெரிந்தவர்போல நடிக்கவும் அவரிடம் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இன்னும் ஒரு வடிவம் உண்டு. இது சற்றுச் சங்கடமானது. அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம், ஆகவே வேலையாட்களை அனுப்பும்படி ஜெபியுங்கள் என்று இயேசு சீஷர்களுக்குச் சொன்னதை மத்தேயு 9-ஆம் அதிகாரத்தின் முடிவில் வாசிக்கிறோம். 10-ஆம் அதிகாரத்தில் அனுப்பப்படுபவர்கள் அவர்களே. தனிமையில் வாடும் ஒருவருக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, அவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப எழுந்தால், உங்கள் ஜெபத்தின் பதில் உங்கள் செருப்பை மாட்டிக்கொள்ளக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சோதித்துப் பாருங்கள்

கவனிக்கக் கற்றவருக்கு உடனே ஒரு சோதனை வருகிறது: எல்லாவற்றிலும் பதிலைக் காண்பது. பேருந்து நேரத்திற்கு வந்தால் ஓர் அடையாளம், தாமதமானால் வேறோர் அடையாளம் என்று வாழத் தொடங்கினால், அது விசுவாசமாக இராது, குறி பார்ப்பதாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய முடிவுக்கான கட்டளையாக எடுத்துக்கொள்வதையும் நான் உறுதியாக எதிர்க்கிறேன். வசனத்தை அதன் சூழலோடு வாசிப்பதே அதற்கு நாம் செலுத்தும் மரியாதை. இஸ்ரவேலரை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டதைச் சிலர் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். செய்யவேண்டியது இன்னதென்று கிதியோனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அவர் தயக்கத்தைப் பொறுத்துக்கொண்ட தேவனின் இரக்கத்தையே அந்தப் பகுதியில் நான் காண்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைப் பதில் என்று முடிவு செய்யுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது வேதம் காட்டும் தேவனுடைய குணத்தோடு ஒத்துப்போகிறதா? அன்பையும் சமாதானத்தையும் பொறுமையையும் என்னில் கூட்டுகிறதா, அல்லது பெருமையையும் அவசரத்தையுமா? இதனால் வேறொருவருக்குத் தீங்கு வருமா? நான் முன்பே செய்யத் தீர்மானித்திருந்ததற்கு இதை வெறும் ஒப்புதல் முத்திரையாகப் பயன்படுத்துகிறேனா? என்னை நன்கு அறிந்த, எனக்கு மறுப்புச் சொல்லத் துணிவுள்ள ஒரு மூத்த விசுவாசி இதைக் கேட்டால் என்ன சொல்வார்? கடைசிக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் உண்மையாகவே அவரிடம் போய்க் கேளுங்கள். சிறுவன் சாமுவேல் தன்னைக் கூப்பிட்டது யார் என்று தெரியாமல் மூன்று முறை ஏலியிடம் ஓடினான். கூப்பிடுகிறவர் யார் என்பதை அவனுக்கு விளக்க ஒரு முதியவர் தேவைப்பட்டார்.

உறுதியில்லாதவற்றுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போடுங்கள். தற்செயலாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது அவிசுவாசமாகாது. என் குறிப்பேடுகளில் கேள்விக்குறிகள் நிறையவே உள்ளன. அவற்றில் சில, ஒரு வருடம் கழித்து வாசித்தபோது, வேறு வரிகளோடு சேர்ந்து அர்த்தம் பெற்றன. சில இன்றும் கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பேதுரு சிறையில் இருந்தபோது திருச்சபையார் அவருக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். விடுவிக்கப்பட்ட பேதுரு அவர்கள் கூடி ஜெபித்துக்கொண்டிருந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ரோதை என்னும் பெண் ஓடிவந்து சொன்னபோது, "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த பதில் வாசலில் நின்று தட்டிக்கொண்டேயிருந்தது; உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

பதில் தெரியாத நாட்கள்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுவதற்குக் காரணம், விளக்கங்களால் இங்கே பயன் குறைவு என்று நான் நம்புவதுதான். பிள்ளையை இழந்தவரிடமோ, தீராத நோயில் இருப்பவரிடமோ, "இதிலும் ஒரு பதில் இருக்கிறது, கவனியுங்கள்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவே அவர்கள் செய்ததில் சிறந்த காரியம். உங்கள் சொந்த வாழ்வில் அப்படிப்பட்ட நாட்கள் வந்தால், "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று கேட்கும் 13-ஆம் சங்கீதத்தையும், இருளைப் பற்றிய சொல்லோடே முடிந்துபோகும் 88-ஆம் சங்கீதத்தையும் உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளலாம். அவையும் ஜெபங்களே என்று வேதாகமம் தன்னுள்ளே வைத்திருக்கிறது. வலப்புறத்தை நிரப்பவேண்டும் என்பதற்காக எதையாவது எழுதவேண்டாம். சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவர்கள், பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லி மருந்தை நிறுத்தவும் கூடாது. மருத்துவரின் கையும் மருந்தும்கூட அந்தச் சூரைச்செடியடியில் வைக்கப்பட்ட அடையைப் போன்றவை.

ஆறாம் படி: திரும்பி வந்து நன்றி சொல்லுங்கள்

சுத்தமாக்கப்பட்ட பத்துத் தொழுநோயாளிகளும் ஆசாரியரிடம் போகிற வழியில்தான் சுத்தமானார்கள். தான் குணமானதைக் கண்டு திரும்பி வந்தவன் ஒருவன் மட்டுமே, அவனும் சமாரியன். பதிலை எழுதிய அதே இரவில், அதற்காக ஒரு வாக்கியமாவது நன்றி சொல்லுங்கள். அந்தப் பதில் ஒரு மனிதர் மூலமாக வந்திருந்தால், அவரிடமும் மறுநாள் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது.

சபையில் சாட்சியாகச் சொல்ல விரும்பினால் அவசரப்படவேண்டாம். நடந்ததை நடந்த அளவிலேயே சொல்லுங்கள். மிகைப்படுத்திச் சொன்ன சாட்சி, அதே தேவைக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவரைக் காயப்படுத்தும்.

மாதம் ஒருமுறை

இரவுகளில் தெரியாதது மாதக் கடைசியில் தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து வாசியுங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். இந்தக் கற்கள் ஏன் என்று பின்னாளில் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லும்படியாக. சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு எபெனேசர் (உதவியின் கல்) என்று பேரிட்டார். இம்மட்டும் என்றுதான் சொன்னார். இனி வரப்போவதைப் பற்றி அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை. மாதாந்தர வாசிப்பும் அந்த அளவில் நின்றால் போதும்.

வாசிக்கும்போது மூன்று வகை வரிகளைக் காண்பீர்கள். சிலவற்றுக்கு நேரே பதில் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றை வாசிக்கும்போது, இது எப்போதோ நடந்துவிட்டதே என்று திடுக்கிடுவீர்கள். அப்போதே தேதியை நினைவுகூர்ந்து எழுதுங்கள். முதல் மூன்று மாதங்களில் எனக்கு அதிகம் கிடைத்தவை இந்த இரண்டாம் வகையே. இன்னும் சில வரிகளில், நீங்கள் கேட்டதே இப்போது உங்களுக்கு வேண்டாததாகியிருக்கும். விருப்பம் மாறியதும் கவனிக்கத்தக்கதே. அந்த வரியை அடித்துவிடாமல், மாறியதென்று எழுதி வையுங்கள்.

குறிப்பேடு நிரம்பியதும், வலப்புறம் காலியாக உள்ள வரிகளை, அவற்றின் பழைய தேதிகளோடே, புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எடுத்தெழுதுங்கள். நான் இப்போது எழுதுவது நான்காவது குறிப்பேடு. அதன் முதற்பக்கத்தில் மூன்று வரிகள் முதல் குறிப்பேட்டிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றின் வலப்புறத்தில் சென்ற மாதம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இன்றிரவும் அந்த வரியை மறுபடி வாசிப்பேன்.